அம்மா வாசித்த சுவர்

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தின் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூர். அங்குள்ள சிவாலயத்தில் கருவறையும் அர்த்தமண்டபமும் கருங்கல்லால் ஆனவை. முன்னுள்ள மண்டபமோ பிற்காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டது. அம்மண்டபத்தின் வடக்குச் சுவரில், நவக்கிரக சந்நிதிக்கு நேர் எதிரே, கோளறு பதிகம் முழுவதும் காவி நிறத்தில் எழுதப்பட்டிருந்தது. யார் எழுதியது, எந்த ஆண்டில் எழுதியது என்பதற்கு ஊரில் சான்று எதுவும் இல்லை. 1955-ல் என் தாயார் மணமாகி அவ்வூருக்கு வந்தபோதே அவ்வெழுத்துகள் பழையனவாக இருந்தன என்பது மட்டும் தெரியும்.

அம்மா இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்துக் கூட்டி வாசிக்க அவருக்கு மறந்தே போயிருந்ததாம். என் பாட்டியார்தாம் ஒவ்வொரு மாலையும் மருமகளை அச்சுவரின் முன் நிறுத்தி, ஒரு நாளைக்கு ஒரு வரி என்று வாசிக்க வைத்தார். புத்தகம் வாங்கும் வசதி அன்று எங்கள் வீட்டில் இல்லை. சுவரே அம்மாவுக்குப் புத்தகம், அதுவே பள்ளிக்கூடம். பதினோரு பாடல்களையும் வாசித்து முடித்த பிறகு, அம்மாவால் தபால் அட்டை எழுத முடிந்தது. நாங்கள் பிள்ளைகளும் அதே சுவரில்தான் ‘ழ’கரத்தின் வளைவைச் சுட்டுவிரலால் தடவித் தடவிக் கற்றோம். ஆகவே அடிவரிகள் மட்டும் மங்கிக் கிடந்தன. அது மழையால் நேர்ந்ததன்று, ஊர்க் குழந்தைகளின் விரல்களால் நேர்ந்தது.

2014-ல் குடமுழுக்குக்காகத் திருப்பணி தொடங்கியபோது, அந்தச் சுவரை நான் என் உபயமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சென்னையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றிருந்த நேரம். கையில் சிறிது பணமும் மனத்தில் நிறைய ஆசையும் இருந்தன. அம்மாவுக்காக அவ்வெழுத்துகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பதே எண்ணம். பெயின்ட் கடைக்குச் சென்று, இருப்பதிலேயே பளபளப்பான எனாமல் எது என்று கேட்டு, தரைக்கு வெள்ளையும் எழுத்துக்கு மயில்கழுத்து நீலமும் வாங்கினேன். பளபளப்பையே மேன்மை என்று கருதும் பேதைமை அப்போது எனக்கு இருந்தது. பழைய காவி எழுத்துகளின் மீது வெள்ளை எனாமல் இரண்டு கை அடிக்கப்பட்டது. அதன்மேல் நீல எழுத்துகள் கண்ணாடிபோல் மின்னின. குடமுழுக்கன்று வந்தவர்கள் அனைவரும் பாராட்டினார்கள். அம்மாவும் சுவரை ஏற இறங்கப் பார்த்து, “நல்லா இருக்குப்பா” என்றார். அவ்வளவே.

அடுத்த ஆண்டு மார்கழியில் ஒரு விடியற்காலை அம்மாவோடு கோயிலுக்குச் சென்றேன். நவக்கிரகங்களுக்கு விளக்கேற்றிவிட்டு, வழக்கமான இடத்தில் நின்று அம்மா பாடத் தொடங்கினார். ஐந்தாம் பாடலை இருமுறை பாடினார். ஆறாவதைப் பாடாமலே ஏழாவதற்குச் சென்றார். அறுபது ஆண்டுகளாகப் பாடிவரும் பாடல்தானே, மனப்பாடமாக இராதா என்று நீங்கள் கேட்கலாம். சுவரைப் பார்த்தே பாடிப் பழகியவர்களுக்குச் சுவர்தான் நினைவு. அடுத்த பாடலின் முதற்சொல் கண்ணில் பட்டால் மீதி தானாக வரும்; படாவிட்டால் வராது. “ஏம்மா, ஒரு பாட்டு விட்டுப்போச்சே?” என்று கேட்டேன்.

“விளக்கு எதிர அடிக்குதுப்பா. எழுத்து மேல வெள்ளையா ஒரு கோடு ஓடுது. எங்க நின்னாலும் அது கூடவே வருது” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “நீ ஆசையா எழுதி வச்சே. சொன்னா மனசு நோகுமேன்னு சொல்லல” என்றார்.

ஓராண்டு முழுவதும் என் தாயார் நான் செய்து வைத்த பிழையின் எதிரில் நின்று, வாசிக்க இயலாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா நின்ற இடத்தில் நான் நின்று பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. நவக்கிரக மேடையின் அகல் விளக்குகளும், மேலே தொங்கிய குழல்விளக்கும், வெள்ளை எனாமலிலும் நீல எனாமலிலும் ஒருசேரப் பிரதிபலித்தன. பகலில் அழகாயிருந்த சுவர், விளக்கு ஏற்றியதும் கண்ணாடியாகிவிட்டது. ஆலயத்தில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் விளக்கொளியில்தானே வாசிக்கிறார்கள்!

இரண்டாவது மழைக்காலத்தில் அடுத்த குறை வெளிப்பட்டது. சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் ஏறி, எனாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சில இடங்களில் விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. சில இடங்களில் தோல்போல உரிந்து வந்தது. ‘ன்’ என்ற எழுத்தின் புள்ளி விழுந்து ‘ன’ ஆயிற்று. ஒற்றைக்கொம்பு உதிர்ந்து வேறொரு சொல்லாயிற்று. சுவரைப் பார்த்துப் புதிதாகக் கற்கும் குழந்தை அதையே சரியென்று கற்குமல்லவா? 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மண்டபத்துக் கூரை ஒழுகி, எஞ்சியவையும் தரையில் நீலச் சருகுகளாகக் கிடந்தன. ஆளுடைய பிள்ளையார் பாண்டி நாட்டுக்குப் புறப்படும்போது இப்பதிகத்தை அருளிய திருமறைக்காடும் அந்தப் புயலில் பெருஞ்சேதம் கண்டது. எங்கள் சுவரின் சேதம் எம்மாத்திரம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இது புயலால் வந்த சேதமன்று என்பதை உள்மனம் அறியும்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை அதன் பிறகே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சுண்ணாம்பும் சிமென்ட்டும் காரத்தன்மை உடையவை. எனாமல் எண்ணெய் கலந்தது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்னவாகும் என்பது சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். சுவர் உலர்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. ஈரம் ஏறிவிட்டால் வண்ணத்தின் அடியில் அந்தச் சோப்புக் காய்ச்சும் வேலை தொடங்கிவிடும். பிசுபிசுப்பு அதனால் வந்தது. மேலும், சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். மழைக்காலத்தில் உள்ளே புகுந்த ஈரத்தைக் கோடையில் வெளியே விடும். எனாமல் அதன் வாயைப் பொத்திவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் கொப்புளமாக எழும்புகிறது. இன்னொன்றும் உண்டு. பல்லாண்டுகளாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு ஏடு ஏடாக நிற்க, அதைச் சுரண்டாமல் அதன்மேலேயே நான் வண்ணம் பூசியிருந்தேன். அடி ஏடு பெயரும்போது மேலே இருப்பது எத்தனை விலையுயர்ந்ததாயினும் கூடவே பெயரத்தானே செய்யும்?

பழைய காவி எழுத்துகள் அவ்வளவு காலம் நின்றதற்கும் இதுவே விளக்கம். காவிமண் இரும்புத் துரு கலந்த மண். சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்வதில்லை, வெயிலிலும் எளிதில் வெளுப்பதில்லை. அது சுவரின் மேல் தோலாகப் படியாமல் சுவருக்குள்ளேயே ஊறிக்கிடந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் சுண்ணச்சாந்தின்மீது தீட்டப்பட்ட சோழர் கால ஓவியங்களை அன்பர்கள் அறிவார்கள். நாயக்கர் காலத்தில் அவற்றின்மேல் வேறொரு பூச்சிட்டு வேறு ஓவியங்கள் வரையப்பட்டன. 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்கள், மேற்பூச்சுப் பெயர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியங்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். மண்ணும் கல்லும் தந்த வண்ணங்கள் சுண்ணத்தோடு கூடி நின்றால் ஆயிரம் ஆண்டுகளும் தாங்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

2019-ல் சுவரை மீண்டும் எழுதலாம் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது, “இனி எதற்குச் சுவர்? பதிகம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறதே” என்றார் ஒருவர். பிளெக்ஸ் பலகை அடித்து மாட்டிவிடலாம் என்றார் மற்றொருவர். மெருகேற்றிய கருங்கல் பலகையில் பொறிக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அந்த மெருகும் விளக்கொளியில் கண்ணாடிதான் என்பதை அனுபவத்தால் சொன்னேன்.

சுவருக்காக நான் சொன்ன வாதம் இதுதான். ஏடுகள் செல்லரித்தபோது எத்தனையோ திருப்பதிகங்கள் மறைந்தன என்று திருமுறை கண்ட வரலாறு சொல்கிறது. அப்படி ஏட்டில் கிடைக்காத சம்பந்தர் பதிகம் ஒன்று, எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த திருவிடைவாயில் 1917-ல் கிடைத்தது. எங்கே கிடைத்தது? கோயிற் சுவரில், கல்வெட்டாக! ஏடு மறந்ததைச் சுவர் நினைவில் வைத்திருந்தது. தஞ்சைப் பெருவுடையார் திருமுன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய இராஜராஜன் 48 பேரை நியமித்த செய்தியும் அக்கோயிலின் கல்லெழுத்தால்தான் நமக்குத் தெரிய வருகிறது. எங்கள் செங்கற் சுவருக்கு அத்தகைய பெருமை இல்லைதான். ஆயினும் கைப்பேசியைத் திறக்கத் தெரியாத எண்பது வயதுக் கிழவியும், கைப்பேசி கையில் கிடைக்காத ஆறு வயதுக் குழந்தையும் அதன்முன் நிற்கிறார்கள். கூட்டம் சம்மதித்தது.

இம்முறை வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க நான் அவசரப்படவில்லை. கருங்கல்லில் எழுதினால் ஓதம் தாக்காது, அர்த்தமண்டபத்தின் வெளிச்சுவரில் எழுதலாமே என்று சிலர் சொன்னதை முதலிலேயே மறுத்தோம். அக்கற்களில் பழைய கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் வண்ணம் பூசுவது முன்னோரின் கையெழுத்தை அழிப்பதாகும். பல ஆலயங்களில் கல்தூண்களுக்கு எனாமல் அடித்து வைத்திருப்பதைக் காணும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அன்பர் ஒருவர் பொன்வண்ணத்தில் எழுதத் தாமே செலவேற்பதாகச் சொன்னார். பொன்வண்ணம் என்று டப்பாவில் வருவது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி. சில ஆண்டுகளில் கறுத்துப்போகும். அவர் தம் பெயரையும் அதே பொன்வண்ணத்தில் பதிகத்தின் தலைப்பில் எழுதவேண்டும் என்று கேட்டது வேறு விஷயம். குழல்விளக்கின் பாதி ஒளியை உபயதாரர் பெயரே மறைத்துக்கொள்ளும் காலம் இது!

குழந்தைகளின் விரல்கள் தடவும் சுவர் என்பதால் இன்னொரு கவலையும் இருந்தது. பழைய மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் சேர்ப்பதுண்டு. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் நஞ்சு. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே திருப்பணி அறையில் மீந்து கிடந்த பழைய டப்பாக்கள் எதையும் தொடக்கூடாது என்று தீர்மானித்து, புதிய டப்பாவின்மேல் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்த பிறகே வாங்கினோம். வீட்டுப் பூஜையறையில் ஸ்லோகம் எழுத எண்ணுகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் அதற்கு ஆகாது.

முடிவில், நீரில் கலக்கும் அக்ரிலிக் எமல்ஷனில், மினுமினுப்பே இல்லாத மேட் வகையைத் தேர்ந்தோம். சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். எனாமலைப் போலச் சுவரின் மூச்சை அடைத்துவிடாது. விளக்குப் புகை படிந்தால் ஈரத்துணியால் ஒற்றித் துடைக்கலாம். டிஸ்டெம்பரின் விலை குறைவுதான், ஆனால் துடைக்கத் துடைக்க அது கையோடு வந்துவிடும். எமல்ஷனால் இன்னொரு பெரும் நன்மையும் வாய்த்தது. எனாமலுக்குத் தின்னர் வேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. 2014-ல் வேலை நடந்தபோது நவக்கிரக விளக்குகளை அணைத்து வைக்க நேர்ந்தது. இம்முறை ஒரு வேளை விளக்கும் தடைப்படவில்லை.

நிறத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அம்மா தேர்ந்தெடுத்தார். சந்தன வெண்மையில் ஒரு பகுதி அடித்து, அதில் ‘நமசிவாய’ என்று ஐந்து நிறங்களில் எழுதச் செய்து, சாயரட்சை வேளையில் விளக்குகள் ஏற்றிய பின் அம்மாவை வழக்கமான இடத்தில் நிறுத்தினோம். அப்போது அவருக்கு 81 வயது. ஒரு கண்ணில் புரை. மஞ்சளை அவர் காணவே இல்லை, “அங்க எழுதியிருக்கா என்ன?” என்று கேட்டார். விளக்கின் மஞ்சள் ஒளியில் மஞ்சள் எழுத்து கரைந்துவிடுகிறது. பளீர்ச் சிவப்பு பகலில் எடுப்பாக இருந்தது, விளக்கொளியில் வெளிறியது. பச்சை பரவாயில்லை. கறுப்பைத்தான் சட்டென்று வாசித்தார். ஆனால் கோயிலில் கறுப்பெழுத்து மங்கலமன்று என்று கூட்டத்தார் சொல்ல, குருக்களும் தலையசைத்தார். அவர்கள் உணர்வை மீற எனக்கு மனமில்லை. அம்மாவின் கண்ணையும் மீற இயலாது. எழுதும் பெயின்டர்தாம் வழி சொன்னார். காவி நிற ஸ்டெயினரில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, கொட்டைப்பாக்கின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். “இது பழைய காவிதாம்மா, கொஞ்சம் முத்தின காவி” என்றார். அம்மா வாசித்தார். கூட்டத்தார்க்கும் அது காவியாகவே தோன்றியது.

சுவரைப் பண்படுத்தவே அதிக நாள்கள் ஆயின. பழைய எனாமலையும் அதன் அடியிலிருந்த சுண்ணாம்பு ஏடுகளையும் கெட்டியான பூச்சு தென்படும்வரை சுரண்டினோம். அப்போது ஓரிடத்தில் ஒரு முழம் அளவுக்குப் பழைய காவி எழுத்துகளின் சாயல் தெரிந்தது. அதைக் காப்பாற்ற முயன்றோம். முடியவில்லை, என் எனாமலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் குற்றம் என் கணக்கில்தான் இருக்கிறது. கூரையின் ஒழுகலை அடைத்து, கீழ்ப்பகுதிக்குப் புதுச் சுண்ணாம்புப் பூச்சிட்டு, பங்குனி, சித்திரை இரு மாதங்களும் உலரவிட்டோம். பிறகு காரம் தாங்கும் பிரைமர் ஒரு கை, சந்தன வெண்மை இரண்டு கை.

முப்பதடிச் சுவரை நான்கு கட்டங்களாக வகுத்து, முதல் மூன்றில் மும்மூன்று பாடல்களும் நான்காவதில் இரண்டும் அமைத்தோம். அம்மா நிற்கும் இடம் பன்னிரண்டு அடி தூரம். அதற்கு ஓரங்குல எழுத்தே போதும் என்பது தொழிற்கணக்கு. முதியோர் கண்ணுக்காக இரண்டு அங்குலமாக்கினோம். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே காலும் உண்டல்லவா? வரிக்கு வரி நான்கு அங்குலம் விட்டால்தான் ஒன்றோடொன்று இடிக்காது. நூல் அடித்துக் கோடு போட்டு, முதலில் சுண்ணக்கட்டியால் எழுதி, ஓதுவாமூர்த்திகளை அழைத்து வந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கச் சொன்னோம். மூன்று ‘ற’கரப் பிழைகளைக் கண்டு திருத்தினார்.

பெயின்டருக்கு எமல்ஷன் பிடிக்கவில்லை. எனாமல் என்றால் தூரிகை வழுக்கிக்கொண்டு ஓடும், ஒரே இழுப்பில் சுழி முடியும். இதுவோ தூரிகையிலேயே காய்கிறது என்று முதல் நாள் சலித்துக்கொண்டார். அரைக் கிண்ணம் வண்ணம் மட்டும் எடுத்துத் துளி நீர் சேர்த்து, தூரிகையை நனைத்துப் பிழிந்துகொண்டு, காலை வேளையிலும் மாலை வேளையிலும் மட்டும் எழுதுவது என்று அவரே ஒரு வழி கண்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு முறை. பதினேழு நாள்கள் ஆயின. கடைசி நாளன்று கூலி போக மீதியை வாங்க மறுத்து, ஓர் அர்ச்சனைச் சீட்டு மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மாலை அம்மா வந்தார். விளக்கேற்றிவிட்டு நின்று, முதற்பாடலிலிருந்து தொடங்கினார். ஐந்து, ஆறு, ஏழு என ஒன்றும் விடவில்லை. பத்தாவது பாடலின் மூன்றாம் வரியில் நின்றுவிட்டார். நான் பதறிப்போய் அருகே சென்றேன்.

“இங்க ஒரு புள்ளி வைக்கலப்பா” என்றார்.

ஓதுவாமூர்த்திகளும் நானும் பெயின்டரும் பார்த்துப் பார்த்துத் தவறவிட்ட புள்ளி! மறுநாள் காலை பெயின்டர் வந்து அதை வைத்தார். மீந்த வண்ணத்தை மூடி இறுகிய கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, அளவு எழுதிய சீட்டை ஒட்டி, மடைப்பள்ளிப் பிறையில் வைத்திருக்கிறோம். அடிவரிகள் இப்போதே சற்று மங்கத் தொடங்கியுள்ளன. ஆண்டுதோறும் மார்கழிக்கு முன் அந்தச் சீசாவைத் திறந்து, விரல்கள் தேய்த்த இடங்களை நிரப்பி வருகிறேன்.